சமன்பாடு அமைக்காத விடை

ஏப்ரல் 7

தாரணிக்கு இன்று பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. எனக்கு வேறொரு பள்ளியில் அறைக் கண்காணிப்பு. மூன்று மணி நேரம் சும்மா நிற்பது இருபது வருடமாகப் பழகியும் கால் வலிக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வினாத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விடை கேட்டேன். அவள் எண்ணைச் சொல்ல வேண்டும், நான் சரி அல்லது தப்பு சொல்ல வேண்டும். இதில் கதை பேச ஒன்றுமில்லை.

"பஸ் கணக்கு?"

"நாப்பதுங்கப்பா."

"சரி. அடுத்தது."

"அதை எப்படிப் போட்டேன்னாங்கப்பா..."

"விடை வந்துருச்சல்ல? அடுத்ததைச் சொல்லு."

வரைபடத்தில் கோட்டை விட்டிருக்கிறாள், வடிவியலில் ஒன்று அரைகுறை. கூட்டிப் பார்த்தால் எண்பத்திரண்டு வரும். டவுன் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவு வேண்டுமென்றால் கணக்கில் எண்பது இருக்க வேண்டும். தப்பித்தாள். ஆறாம் வகுப்பிலிருந்தே மேற்கொண்டு கணக்குத்தான் படிப்பேன் என்கிற பெண். கணக்கு வாத்தியார் மகள் தொண்ணூற்றெட்டு வாங்க வேண்டாமா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

"பரீட்சை எழுதிட்டு வந்த புள்ள ஒரு வாய் தண்ணி குடிக்கட்டுமுங்க" என்று அம்மாக்காரி கோகிலா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

ஏப்ரல் 19

விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு ஆணை வந்துவிட்டது. மகள் இந்த ஆண்டு தேர்வு எழுதுகிறாள் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். நம் மாவட்டத் தாள் எதுவும் இங்கே வராது, வேறு மாவட்டத்துக்குத்தான் போகிறது, வந்து சேருங்கள் என்றார்கள். கணக்குக்கு ஆள் பற்றாக்குறை. ஆள் வேண்டுமென்றால்தான் என் நினைப்பு வரும்.

மோட்டார் காயில் எரிந்துவிட்டது. மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை.

ஏப்ரல் 21

முகாம் முதல் நாள். காலை ஆறேகால் காங்கயம் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடிகிறது. ஒரு மேசைக்கு ஆறு பேர், அவர்களுக்கு மேலே ஒரு சீஃப். எங்கள் சீஃப் சுப்புரத்தினம் சார், என்னைவிட நாலு வருடம் இளையவர், தலைமையாசிரியராகி மூன்று வருடமாகிறது. நாங்கள் சிவப்பு மையில் திருத்துவோம், அவர் பச்சை மையில் சரிபார்ப்பார். என் சிவப்புக்கு மேல் அவருக்குப் பச்சை போட வேலையே இருக்காது, அது அவருக்கும் தெரியும்.

எனக்கு எதிரே ஜெசிந்தா என்று ஒரு டீச்சர். மலைப் பக்கத்துப் பள்ளியில் வேலை. முகாமுக்கு இது முதல் தடவையாம். ஒரு தாளை எடுத்தால் நாவல் படிப்பது போல வாசிக்கிறது. இப்படிப் போனால் ஒரு கட்டு முடிக்க ஆடி மாதம் ஆகும் என்றேன். சிரித்தது. கோபம் வராத மாதிரி இருந்தது, எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

மின்விசிறி என் பக்கம் சுற்றவில்லை.

ஏப்ரல் 22

இன்று ஒரு சண்டை.

ஐந்து மதிப்பெண் வினா. பேருந்து ஒன்று 360 கிலோமீட்டர் சீரான வேகத்தில் போகிறது. வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் கூடியிருந்தால் ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். வேகம் என்ன? வேகத்தை x என்று வைத்துச் சமன்பாடு அமைத்து, இருபடியாக்கி, காரணிப்படுத்தி, குறை எண்ணைத் தள்ளிவிட்டு 40 என்று முடிக்க வேண்டும். விடைக்குறிப்பில் ஒவ்வொரு படிக்கும் ஸ்டெப் மார்க் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வருடம் முழுக்கத் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுக்கிற வழி.

ஜெசிந்தாவின் கட்டில் ஒரு தாள். x இல்லை, சமன்பாடும் இல்லை. 36 × 10, 40 × 9, 45 × 8 என்று 360 வருகிற பெருக்கல்களை வரிசையாக எழுதி, 40-இல் போனால் 9 மணி, 45-இல் போனால் 8 மணி, ஆகவே வேகம் 40 என்று முடித்திருக்கிறது அந்தப் பிள்ளை. டீச்சரம்மா ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு சீஃப்பிடம் எடுத்துக்கொண்டு போயிற்று, பாராட்ட.

"இது கணக்கே இல்ல சார், குருட்டாம்போக்குல வந்தது" என்றேன்.

"யோசிச்சுத்தானுங்க சார் எழுதியிருக்கு. விடையும் சரி."

"முழு எண்ணா இருக்கப் போய் மாட்டுச்சு. வேகம் முப்பத்தேழரைன்னு இருந்தா இந்தப் புள்ள என்ன பண்ணும்? நாப்பதுதான் விடை, வேற கிடையாதுங்கறதுக்கு என்ன ஆதாரம் குடுத்திருக்கு?"

டீச்சர் விடவில்லை. "அப்ப, வேற விடை ஏன் வராதுன்னு காரணமும் எழுதுற பிள்ளைக்குக் குடுக்கலாமுங்களா சார்?" என்றது.

"பத்தாங்கிளாஸ்ல அப்படி எந்தப் புள்ளம்மா எழுதப் போவுது? அவ்வளவு தெரிஞ்ச புள்ள சமன்பாடே போட்டுட்டுப் போயிருக்கும்."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். சுப்புரத்தினம் சார் தாடையைத் தடவினார். மற்ற மேசைகளிலும் இதே மாதிரி தாள்கள் வருகின்றனவாம், ஆளுக்கு ஒரு மாதிரி போடுகிறார்களாம், ஒருவர் ஐந்து, ஒருவர் ஒன்று, ஒருவர் சுழி. மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார். "தெய்வசிகாமணி, உங்களுக்குத்தான் எழுத வரும். சுருக்கமா ஒரு வரி எழுதிக் குடுங்க. படிச்சா யாருக்கும் சந்தேகமே வரக் கூடாது."

எழுதினேன். 'சமன்பாடு அமைக்காமல் விடை கண்டிருப்பின், விடைக்கு மட்டும் ஒரு மதிப்பெண் வழங்கலாம்.' முதலில் 'தகுந்த காரணம் காட்டப்பட்டிருந்தாலன்றி' என்றும் சேர்த்திருந்தேன். வரி நீண்டுவிட்டது. தகுந்தது எது, தகாதது எது என்று மேசைக்கு மேசை மறுபடி பஞ்சாயத்து வரும். அடித்துவிட்டேன். இப்போது கச்சிதமாக இருக்கிறது.

ஏப்ரல் 23

என் வரி அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், எல்லா முகாம்களுக்கும் போய்விட்டது! காலையில் வாட்ஸப்பில் வந்ததை முகாம் அலுவலர் ஒலிபெருக்கியில் வாசித்தார். மாநிலம் முழுக்க இன்று என் வரியை வைத்துத்தான் திருத்துகிறார்கள். அலுவலர் என் மேசைக்கே வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார். டீ இரண்டு தடவை வந்தது.

ஜெசிந்தா அந்தப் பிள்ளையின் ஐந்தை அடித்து ஒன்று போட்டது. அடிக்கிறபோது பேனா தாளைக் கிழித்துவிட்டது.

வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். கோகிலா, "அப்படிங்களா, சட்னி வெக்கட்டுங்களா?" என்றாள். இந்த வீட்டில் என் பெருமை இவ்வளவுதான். தாரணிதான் அக்கறையாகக் கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு எத்தனை போட்டீங்கப்பா?"

"ஒண்ணு."

"விடை சரிதானுங்களே?"

"விடை யாருக்கு வேணும் கண்ணு? வழிதான் கணக்கு. வழி தெரியாதவன் விடையைச் சொன்னா அது திருட்டு மாதிரி. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுனானா, தானா வந்துச்சான்னு எப்படித் தெரியும்?"

அரைத்த மாவையே ஏன் அரைக்கிறீர்கள் என்று கோகிலா முறைக்கும் வரை விளக்கினேன். தாரணி ஒரு தோசையோடு எழுந்துவிட்டாள். வெயில் காலம், பசி எடுக்காது.

ஏப்ரல் 24

எலக்ட்ரீஷியன் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதற்கென்று ஒரு தனி ஜாதி இருக்கிறது.

ஏப்ரல் 27

ஞாயிறு. முகாம் இல்லை. மோட்டார் சரியாயிற்று. தாரணி நாள் முழுக்கப் படுத்தே இருந்தாள். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க பேப்பரெல்லாம் எந்த ஊர்ல திருத்துவாங்கப்பா?"

"எந்த ஊர்ல திருத்துனா என்ன? எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல். அதுக்குத்தானே அப்பா எழுதிக் குடுத்தேன்."

"அந்த வரியை மாத்த முடியாதுங்களா?"

"எதுக்கு மாத்தணும்?"

"சும்மா கேட்டேனுங்க."

பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு விடுமுறையில் வேறு வேலை இல்லாமல் போய்விடுகிறது. தையல் வகுப்புக்கு அனுப்பலாமா என்று கோகிலாவிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

மே 2

முகாம் முடிந்தது. அந்த பஸ் கணக்கில் மட்டும் என் கையால் எத்தனையோ ஒன்று விழுந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு போட முடிந்தது, வரி அவ்வளவு தெளிவு. கிளம்பும்போது சுப்புரத்தினம் சார், "ஜூன்ல பதவி உயர்வுப் பட்டியல் வருது, உங்க பேரைப் பத்தி நல்லபடியா காதுல போட்டிருக்கேன்" என்றார். அவர் போட்டுத்தான் எனக்கு வர வேண்டும் என்றில்லை. வந்தால் வரட்டும்.

ஜெசிந்தா வந்து, "போய்ட்டு வர்றேனுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. மரியாதை தெரிந்த பெண்தான். வேலைதான் தெரியவில்லை.

மே 16

முடிவு வந்தது. தமிழ் தொண்ணூற்றொன்று. அறிவியல் எண்பத்தெட்டு. கணக்கு எழுபத்தெட்டு.

எழுபத்தெட்டு.

என் கூட்டலில் எண்பத்திரண்டு. நாலு மதிப்பெண் எங்கே? எவனோ சோம்பேறி பக்கத்தைத் திருப்பாமல் விட்டிருக்கிறான். நான் பார்க்காத முகாமா, நான் பார்க்காத ஆளா? பக்கத்து மேசை ஆள் கூட்டலிலேயே பத்தை விழுங்குவான். நாளைக்கே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கிறேன்.

மே 17

காலையில் வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு தாரணியைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு வினாவையும் எப்படி எழுதினாய் என்று சொல், எங்கே விட்டிருக்கிறார்கள் என்று பிடித்துவிடலாம் என்றேன்.

"தேட வேண்டாமுங்கப்பா. பஸ் கணக்குல போயிருக்கும்."

"நாப்பதுன்னுதானே சொன்னே?"

"நாப்பதுதானுங்க. பெருக்கல் போட்டுக் கண்டுபுடிச்சேனுங்க. நாப்பது ஒம்போது, நாப்பத்தஞ்சு எட்டுன்னு. சமன்பாடு போடலீங்க."

அவள் நிறுத்தவில்லை.

"வேற விடை வந்துருமோன்னு பயமா இருந்துச்சுங்க. அதனால கீழ ஒண்ணு எழுதுனேனுங்க. மெதுவாப் போற பஸ்ஸுக்கு அஞ்சு கிலோமீட்டர் கூட்டுனா நெறைய நேரம் மிச்சமாகும். வேகமாப் போற பஸ்ஸுக்குக் கொஞ்சந்தான் மிச்சமாகும். வேகம் ஏற ஏற மிச்ச நேரம் கொறஞ்சுட்டே வரும். அதனால சரியா ஒரு மணி நேரம் மிச்சமாகறது ஒரே ஒரு வேகத்துலதான் வரும். அது நாப்பது. இப்படித்தானுங்க எழுதுனேன்."

பதினைந்து வயதுப் பெண். யாரும் சொல்லிக்கொடுக்காதது. நானும் சொல்லிக்கொடுக்காதது.

"ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டிருப்பேன், கோகிலா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"சொல்ல வந்தேனுங்க. அடுத்தது சொல்லுன்னுட்டீங்க."

நல்ல வழி தெரியும்போது ஏன் இப்படிக் கோணல் வழியில் போக வேண்டும்? சமன்பாட்டை ஆயிரம் தடவை போட்டுக் காட்டியிருக்கிறேனே! அதைப் போட்டிருந்தால் இன்று யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு டவுனுக்குப் போனேன். டவுனில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

மே 19

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒன்றும் ஆகாது. மறுபடி திருத்துகிறவரும் அதே வரியை வைத்துத்தான் திருத்துவார்.

சாயங்காலம் ஜெசிந்தாவிடமிருந்து அழைப்பு. அவளுடைய பள்ளியில் மூன்று பிள்ளைகளுக்கு இதே கணக்கில் போயிருக்கிறதாம். காரணம் எழுதியவர்களுக்காவது முழு மதிப்பெண் தர வேண்டும் என்று மேலிடத்துக்கு மனுக் கொடுக்கப் போகிறாளாம்.

"அந்த வரியை எழுதுனவரே இது விடுபட்டுப் போச்சுன்னு ஒரு கையெழுத்துப் போட்டா கேப்பாங்க சார். உங்க பேச்சுக்கு அங்க மரியாதை இருக்கு. எல்லாப் பிள்ளைங்களுக்கும் சேத்துத்தானுங்க கேக்கறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மகளைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

மே 21

யோசித்தாகிவிட்டது. போட முடியாது.

என் மகளுக்கு மதிப்பெண் குறைந்ததும் நான் எழுதிய வரியை நானே மாற்றச் சொன்னால் ஊர் என்ன பேசும்? ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம், தன் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்பார்கள். இருபது வருடமாக ஒருவரிடமும் அந்தப் பேச்சு வாங்காமல் இருந்திருக்கிறேன். பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வருகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

கோகிலாவிடம் சொன்னேன். "உங்க பேரு உங்களுக்கு. அவ படிப்பு அவளுக்கு இல்லீங்களா?" என்றாள். இவளுக்கு இலாகா நடைமுறை புரியாது.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் தாரணி வந்து நின்றாள். ஜெசிந்தா டீச்சர் திரும்ப அழைத்தபோது அவள்தான் போனை எடுத்தாளாம். எல்லாம் தெரிந்துவிட்டது.

"கையெழுத்து வேண்டாமுங்கப்பா. மார்க்கும் வேண்டாமுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் போட்டது சரியா தப்பா?"

"மதிப்பெண் வழங்குற முறைப்படி பார்த்தா..."

"முறை கேக்கலீங்கப்பா. கணக்கு சரியா தப்பா?"

ஒரு சொல்தான். அதைச் சொன்னால் அடுத்து, அப்புறம் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்பாள். அதற்கு அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும். கணக்கு வாத்தியாருக்கு அடுத்த படி தெரியாமல் இருக்காது.

"சாப்பிட்டு வா, நாளைக்குப் பேசலாம்" என்றேன். நாளைக்கு என்று நான் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மே 23

ஜெசிந்தாவுக்கு முடியாது என்று செய்தி அனுப்பினேன். 'சரிங்க சார்' என்று பதில் வந்தது. திட்டியிருக்கலாம்.

மே 26

டவுன் பள்ளியில் சேர்க்கை. தாரணி பச்சைச் சுடிதார், எண்ணெய் வைத்துப் பின்னிய தலை. அரை மணி நேரம் வரிசையில் நின்றோம்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். மதிப்பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க கணக்கு சார் இல்லீங்களா? ரெண்டு மார்க்குதானுங்களே குறையுது. மறுமதிப்பீட்டுல வந்துரும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா சொல்லுங்க, ஒரு இடத்தை ஒதுக்கி வெக்கறேன். பாப்பா எழுதுனதை விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேனுங்க."

"எப்படி, சரியா எழுதியிருக்குதா?"

தாரணி என் பக்கம் திரும்பினாள். சேர்க்கைக்கு வந்ததிலிருந்து, ஏன், அந்த ராத்திரியிலிருந்தே, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அதை நான் பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விதிப்படிதானுங்க திருத்தியிருக்காங்க" என்றேன்.

"அது இல்லீங்க சார், நான் கேட்டது..."

"காமர்ஸ் போட்டுக்கங்க சார்" என்றாள் தாரணி. குரல் சாதாரணமாக இருந்தது. "அப்பா சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்."

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது, யார் பார்த்தார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். இறங்கும் வரை பின்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 5

பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. சுப்புரத்தினம் சார் போன் செய்தார். கோகிலா கேசரி செய்யவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜெசிந்தா தனியாகவே மனுவை அனுப்பினாளாம். பதில் இல்லை என்று கேள்வி.

ஜூன் 13

பள்ளி திறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. தாரணி காலையில் நேரத்துக்குக் கிளம்புகிறாள், சாயங்காலம் நேரத்துக்கு வருகிறாள், எழுத வேண்டியதை எழுதிவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கிறாள். எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை. முன்பெல்லாம் சாப்பிடும்போதே தட்டு ஓரத்தில் விரலால் எண்களைப் போட்டுக் கூட்டிக்கொண்டிருப்பாள், அடிக்கக்கூட அடித்திருக்கிறேன். இப்போது நேராக உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

இன்று நானாகக் கேட்டேன்.

"கணக்குப்பதிவியல் புரியுதா கண்ணு?"

"புரியுதுங்கப்பா. நல்லாப் போவுது. யோசிக்கவே வேண்டாமுங்க. சார் போர்டுல எழுதறதை அப்படியே எழுதணும், அவ்வளவுதானுங்க. மாத்தி எழுதுனாத்தான் மார்க் போவும். நான் மாத்தறதே இல்லீங்க."

குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே சொல்கிறாள்.

"நல்லது" என்றேன். பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.